நாரியில் தொடங்கி கால்வரை இழுக்கும் வலி: படுத்தே கிடக்க வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் பஸ்ஸில் போய் இறங்கும்போது நாரியிலிருந்து கால் பெருவிரல்வரை மின்சாரம் அடித்தாற்போல இழுக்கிறது, படுத்தே கிடக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். நோவது கால், கோளாறு நாரியில். தும்மினால் வலி கூடுவதும் அதனால்தான். பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் தணிந்துவிடும். அதுவரை அரை மணிக்கு ஒருமுறை கதிரையை விட்டு எழும்புங்கள், மாலையில் கடற்கரைப் பக்கம் தாங்குமளவு நடவுங்கள். எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவினால் இதம்தான். ஆனால் முதுகை முறுக்கி நெட்டி எடுக்க மட்டும் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்றால் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.