வைரஸ் புரதத்தில் ஒரு சர்க்கரை கழன்றால் என்ன ஆகும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஃப்ளூ பற்றி வந்த கேள்விகளை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மரபணு வரிசை முழுக்கத் தெரியும் என்கிறார்கள். அப்புறம் எதற்கு அதன் புரதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறதா, பாஸ்பேட் ஒட்டியிருக்கிறதா என்று ஆராய்கிறார்கள்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: மரபணு வரிசை சொல்வது எந்த அமினோ அமிலத்துக்கு அடுத்து எது என்பதை மட்டும்தான். கோத்து முடித்த பிறகு அந்தப் புரதத்துக்கு வெட்டு, ஒட்டு என்று இன்னும் பல வேலைகள் நடக்கின்றன, வேடிக்கை என்னவென்றால் அதையெல்லாம் செய்வது வைரஸ் இல்லை, அது புகுந்த செல். ஃப்ளூ வைரஸிடம் இருப்பது எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள். சர்க்கரை ஒட்டும் என்சைம், கொழுப்பு அமிலம் ஒட்டும் என்சைம் எதுவும் அதற்குச் சொந்தமில்லை, எல்லாம் நம்மிடமிருந்து ஓசி.

வைரஸின் மேல்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தையே பாருங்கள். உருவாகும்போது அது ஒரே நீளச் சங்கிலி. அந்த நிலையில் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும், உள்ளே நுழைய மட்டும் முடியாது. வில்லை இழுத்து மாட்டாத எலிப்பொறி மாதிரி. நம் மூச்சுக்குழாயில் இருக்கும் டிரிப்சின் வகை என்சைம் ஒன்று அந்தச் சங்கிலியைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டினால்தான் பொறி தயார். பிறகு செல் வைரஸை ஒரு பைக்குள் விழுங்கும், அங்கே அமிலம் ஏறி பி.எச். 5-க்கு அருகே வரும்போது பொறி விடுபட்டு வைரஸின் உறை பையின் சவ்வோடு இணைந்துவிடும். ஒரு பொறிக்கு ஒரு தடவைதான். செல்லைத் தொடும் முன்பே அமிலத்தில் போட்டால் சும்மா வெடித்து வீணாகிவிடும்.

இந்த வெட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் கோழிப்பண்ணைகளில் 1983-ல் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏப்ரலில் எச்5என்2 வகை வைரஸ் வந்தது, கோழிகள் கொஞ்சம் சோர்ந்தன, முட்டை குறைந்தது, அவ்வளவுதான். அக்டோபரில் அதே வைரஸ் கொத்துக்கொத்தாகக் கொல்ல ஆரம்பித்தது. கடைசியில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பறவைகள் செத்தும் அழிக்கப்பட்டும் போயின. மெம்ஃபிஸ் நகரில் இருந்த வைரஸ் ஆய்வாளர்கள் கவோகா, வெப்ஸ்டர் குழுவினர் இரண்டு வைரஸ்களையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் ஒரு சர்க்கரைச் சங்கிலியில் வந்து நின்றது. அஸ்பராஜின், அடுத்து புரோலின் தவிர ஏதாவது ஒன்று, அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின் என்று அமினோ அமிலங்கள் வரிசையாக வந்தால் அந்த அஸ்பராஜினில் செல் சர்க்கரை ஒட்டலாம். ஏப்ரல் வைரஸில் 11-வது இடத்து அஸ்பராஜினில் சர்க்கரை இருந்தது, அது வெட்டுமிடத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அக்டோபர் வைரஸில் 13-வது இடத்துத் திரியோனின் மாறிப்போக, வரிசை கெட்டு, சர்க்கரையும் ஒட்டவில்லை. மறைப்பு போனதும் ஃபியூரின் போல உடம்பு முழுக்க இருக்கிற என்சைம்களால் அங்கே வெட்ட முடிந்தது, குடலிலும் மூச்சுப்பாதையிலும் அடங்கிக் கிடந்த தொற்று மற்ற உறுப்புகளுக்கும் பரவியது. அந்த என்சைம்களை ஈர்க்கும் காரத்தன்மையுள்ள அமினோ அமில வரிசை ஏப்ரல் வைரஸிலேயே இருந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். வரிசையை மட்டும் படித்தவர்களுக்கு ஏப்ரல் வைரஸ் ஏன் சாதுவாக இருந்தது என்று புரிந்திருக்காது.

பாஸ்பேட்டையும் கேட்டிருக்கிறீர்கள். ஆர்.என்.ஏ.வைச் சுற்றிக்கொள்ளும் என்.பி. என்ற புரதத்தில் சில இடங்களில் பாஸ்பேட் இருக்கும்வரை அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது, பாஸ்பேட்டை எடுத்தபின் கோக்கும். இதற்கு மேல் போனால் பாடமாகிவிடும்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஃப்ளூ வைரஸ் வளர்க்கும்போது டி.பி.சி.கே. சேர்த்துப் பதப்படுத்திய டிரிப்சின்தான் வேண்டும் என்கிறார்கள். சாதா டிரிப்சின் விலை குறைவு, அது போதாதா? (ஆய்வு மாணவர், கோவை)

பதில்: போதாது, அந்தக் காசில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எம்.டி.சி.கே. என்கிற நாய்ச் சிறுநீரக செல்களில் வளர்க்கும்போது மேலே சொன்ன வெட்டை நாம்தான் டிரிப்சின் ஊற்றிச் செய்துதர வேண்டும். மாட்டுக் கணையத்திலிருந்து எடுக்கும் டிரிப்சினோடு கைமோடிரிப்சின் என்ற இன்னொரு என்சைமும் கொஞ்சம் கலந்து வரும், அது வேண்டாத இடங்களில் புரதத்தை நறுக்கிவிடும். டி.பி.சி.கே. மூலக்கூறு கைமோடிரிப்சினுக்குப் பிடித்த ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் போல வேஷம் போட்டு உள்ளே போய், அதன் 57-வது இடத்து ஹிஸ்டிடினில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். டிரிப்சின் தேடுவது லைசினும் ஆர்ஜினினும் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. செல்கள் வளர ஊற்றியிருந்த சீரத்தைக் கழுவிவிட்டு டிரிப்சினை ஊற்றுங்கள், சீரத்தில் டிரிப்சினை அடக்கும் புரதங்கள் இருக்கின்றன.

டிரிப்சினே இல்லாமல் வளர்கிற டபிள்யூ.எஸ்.என். ரகம் உங்கள் ஃப்ரீசரில் இருக்கலாம். 1933-ல் லண்டனில் பிரித்தெடுத்த மனித வைரஸை எலி மூளையில் மாற்றி மாற்றி வளர்த்து உருவாக்கியது. அதன் இன்னொரு மேல்பரப்புப் புரதமான நியூராமினிடேஸில் ஒரு சர்க்கரை போய்விட்டது. அதனால் நியூராமினிடேஸ் சீரத்தில் இருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அந்தப் புரதம் பிளாஸ்மின் என்ற வெட்டும் என்சைமாக மாறி, பக்கத்தில் இருக்கும் ஹீமக்ளூட்டினினை வெட்டித்தருகிறது. 1998-ல் இதை வெளியிட்டதும் அதே கவோகாதான், கோட்டோ என்பவரோடு சேர்ந்து.

கேள்வி: பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலினை ஃப்ளூ ஊசியில் கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (இல்லத்தரசி, மதுரை)

பதில்: பயன்படுத்துவது உண்மை, பல தயாரிப்புகளில். பயமுறுத்தும் தொனிதான் தப்பு. ஃபார்மால்டிஹைடைத் தண்ணீரில் கரைத்ததுதான் ஃபார்மலின். ஃபார்மால்டிஹைடு புரதத்தில் உள்ள லைசினின் அமினோ பகுதியில் ஒட்டி, பக்கத்துப் பகுதியோடு ஒரு பாலம் போட்டு இறுக்கிவிடும். வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் தாக்கும். அளவாகச் செய்தால் வைரஸ் பெருக முடியாது, ஆனால் நம் உடம்பு அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய வெளிவடிவம் தங்கிவிடும். அப்படிக் கொன்ற வைரஸ் கோழியின் சிவப்பணுக்களை முன்போலவே கட்டியாகச் சேர்த்துக் காட்டும், ஒட்டும் வேலை கெடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அளவு மீறினால் வடிவமும் கெட்டுப்போகும், பிறகு அந்த ஊசி எதற்கு? எவ்வளவு மருந்து, எந்த வெப்பம், எத்தனை நேரம் என்பதில்தான் தயாரிப்பவரின் கைத்திறமை இருக்கிறது. தாமஸ் பிரான்சிஸும் ஜோனஸ் சால்க்கும் அமெரிக்க ராணுவத்துக்காக 1940-களில் இப்படித்தான் ஃப்ளூ தடுப்பூசி செய்தார்கள், 1945-ல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது. சால்க் பிறகு போலியோவுக்கும் ஃபார்மலினையே எடுத்துக்கொண்டார்.

ஊசியில் மிஞ்சுவது அதிகபட்சம் 100 மைக்ரோகிராம் அளவில்தான். நம் உடம்பே ஃபார்மால்டிஹைடு தயாரிக்கிறது, ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 2 முதல் 3 மில்லிகிராம் எப்போதும் இருக்கும். மில்லிக்கும் மைக்ரோவுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்று அந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சில நிறுவனங்கள் ஃபார்மலினுக்குப் பதில் பீட்டா புரோபியோலாக்டோன் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகின்றன. அது முக்கியமாக மரபணுவைத் தாக்கும், தண்ணீரில் தானே சிதைந்துவிடும். புரதங்களையும் கொஞ்சம் தொடும், சவ்வோடு இணையும் திறன் அதனால் குறையும் என்று காட்டியிருக்கிறார்கள், ஆனால் செத்த வைரஸ் செல்லுக்குள் போகத் தேவையே இல்லையே.

கேள்வி: கோழிமுட்டையில் வளர்த்த ஃப்ளூ தடுப்பூசி சில வருடம் சரியாக வேலை செய்வதில்லையாமே, முட்டை மேல் என்ன குற்றம்? (பண்ணையாளர், நாமக்கல்)

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். முட்டையின் தரத்தில் குற்றமில்லை, அது பறவையுடையது என்பதுதான் சிக்கல். மனித செல்லில் வைரஸ் பிடிக்கும் கைப்பிடியும் முட்டைக்குள் கிடைக்கும் கைப்பிடியும் கொஞ்சம் வேறு. மனிதரிடமிருந்து எடுத்த வைரஸை முட்டையில் வளர்த்தால் அங்கே நன்றாகப் பிடிக்கத் தோதாக மாறியவைதான் பெருகும். 2014-க்குப் பிறகு பரவிய எச்3என்2 வைரஸ்களில் ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதியில், 160-வது இடத்து மாற்றத்தால், புதிதாக ஒரு சர்க்கரை ஏறியிருந்தது. 2016-17 பருவத்துக்கான தடுப்பூசி வைரஸ் முட்டையில் வளர்ந்தபோது அந்த இடம் பழையபடி மாறி சர்க்கரை போய்விட்டது. ஊசி போட்டவர்கள் உடம்பு சர்க்கரை இல்லாத தலைக்கு ஆன்டிபாடி தயாரித்தது, ஊரில் சுற்றிய வைரஸோ சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு வந்தது. பல ஆன்டிபாடிகளால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இதை 2017-ல் காட்டியவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார், மறுபடியும் அதே மாநிலம். பூச்சி செல்லில் தயாரித்த, சர்க்கரை இடம் மாறாத தடுப்பூசி போட்டவர்களிடம் பொருத்தமான ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது.

இதை வைத்து முட்டை ஊசி வீண் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் எச்1என்1, பி வகை எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. கையில் கிடைப்பது அதுதான் என்றால் அதையே போட்டுக்கொள்ளலாம். வேறு வகை கிடைத்து, செலவும் கட்டுப்படியானால் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பறவைக் காய்ச்சல் சமயத்தில் ஆஃப்பாயில் சாப்பிடலாமா? (கல்லூரி விடுதி நண்பர்கள், சேலம்)

பதில்: வேண்டாம். உள்வரை 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் புரதங்கள் மடிப்புக் கலைந்து உருக்குலைந்துவிடும், திரும்பச் சேராது. மஞ்சள் கரு ஓடுகிற முட்டையில் அந்தச் சூடு ஏறியிருக்காது. பக்கத்தில் தொற்று இருப்பதாக அறிவிப்பு வந்தால் அது அடங்கும்வரை மாஸ்டரிடம் ஃபுல்பாயில் சொல்லுங்கள்.