மருத்துவர் பதில்: ஆபரேஷன் நடுவில் விழித்துவிட்டேன், மறுபடியும் மயக்க மருந்தா?

கேள்வி: சில வருடங்களுக்கு முன் அவசர சிசேரியனுக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள். நடுவில் நினைவு வந்துவிட்டது. டாக்டர்கள் பேசுவது கேட்டது, வயிற்றை இழுப்பது தெரிந்தது. கத்த நினைத்தும் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. பிறகு சொன்னபோது ‘கனவாக இருக்கும்’ என்றார்கள். இப்போது பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். பயத்தில் தள்ளிப்போடுகிறேன்.

பதில்: நீங்கள் சொல்வது கனவு மாதிரி இல்லை அம்மா. முழு மயக்கத்தில் தூங்கவைக்க ஒரு மருந்து, தசைகளைத் தளர்த்த வேறொரு மருந்து. முதலாவது போதாமல் இரண்டாவது மட்டும் வேலை செய்தால் நினைவு இருக்கும், உடம்பு அசையாது. குழந்தையையும் மனதில் வைத்து அவசரமாக மயக்கம் கொடுக்கும் சிசேரியனில் இதற்கு வாய்ப்பு அதிகம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், முழு மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இப்படிச் சொன்னார்கள். சிசேரியனில் சுமார் 670 பேருக்கு ஒருவர். இப்போது உங்களுக்கு நடக்கப்போவது திட்டமிட்ட ஆபரேஷன், நிலைமை வேறு.

ஆனாலும் ஒருமுறை நடந்தவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அதனால் சர்ஜனிடம் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். மயக்க மருந்து டாக்டரை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நேரில் பாருங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, முடிந்தால் அன்றைய மயக்க மருந்துக் குறிப்பின் நகல் இரண்டையும் கொண்டுபோங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை, முக்கியமாகத் தூக்க மாத்திரையை, மறைக்காமல் சொல்லுங்கள். அளவை முடிவு செய்ய அது உதவும்.

‘பிஸ் மானிட்டர் வைப்பீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். நெற்றியில் ஒரு பட்டை ஒட்டுவார்கள். மூளையின் மின்னலைகளைப் பார்த்து, மயக்கம் எவ்வளவு ஆழம் என்பதை 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகக் காட்டும். எண் குறைந்தால் மயக்கம் ஆழம். 40-க்கும் 60-க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். மயக்க வாயு கொடுத்தால், மூச்சில் அதன் அளவு குறைந்ததும் ஒலிக்கும் அலாரமும் உண்டு. எதுவும் நூறு சதவீத உத்தரவாதம் இல்லைதான், ஆனால் ஆபத்து நன்றாகக் குறையும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எல்லாம் முடிந்து, மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை எடுக்கும் நேரம் சிலருக்கு மங்கலாக நினைவிருக்கும். அதை ஆபரேஷன் நடுவில் விழித்ததாக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இரவில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரை இப்போதே பாருங்கள். இது சிகிச்சை உள்ள பாதிப்பு, உங்கள் பலவீனம் இல்லை.

தள்ளிப்போட்டு, கல் பித்த நாளத்தில் அடைத்துக்கொண்டால் மறுபடியும் அவசர ஆபரேஷன் ஆகலாம். இவ்வளவும் பேசித் திட்டமிட அப்போது நேரம் இருக்காது. காய்ச்சலோடு வயிற்று வலியோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.