கணினியில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பாட்காஸ்ட் பிளேலிஸ்ட்டை எப்படி அமைப்பது?

ஏழெட்டு நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கேட்கிறீர்கள், புது எபிசோடுகளைத் தினமும் கையால் இழுத்துப் பிளேலிஸ்ட்டில் போட்டு அலுத்துவிட்டது, அது தன்னால் நடக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. புது எபிசோடு பட்டியலுக்குள் வருவதற்கு வழி செய்வது பத்து நிமிட வேலை. கேட்டு முடித்தது தானாக வெளியே போவதற்கு வழி செய்வதில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். நான் பல மாதங்கள் மாட்டியிருந்தேன்.

முதலில் ஒன்று: இங்கே இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. எபிசோடை இறக்கி வைப்பது ஒன்று, இறங்கியதிலிருந்து பொறுக்கிப் பட்டியல் போடுவது இன்னொன்று. ஒவ்வொரு பாட்காஸ்ட்டுக்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட் என்று ஒரு கோப்பு இணையத்தில் இருக்கும். எபிசோடின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பின் முகவரி எல்லாம் அதில்தான். புது எபிசோடு வந்துவிட்டது என்று யாரும் உங்கள் கணினிக்குச் சொல்லியனுப்புவதில்லை. உங்கள் மென்பொருள்தான் அவ்வப்போது போய் அந்தக் கோப்பை எட்டிப் பார்க்கிறது. கணினி தூங்கிக்கொண்டிருந்தால் எட்டிப் பார்க்க ஆளில்லை. 'பட்டியல் புதுப்பிக்கவில்லை' என்று தோன்றினால் எபிசோடு முதலில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். ஏதாவது ஒரு ஸ்ட்ரீமிங் தளத்தில் மட்டுமே வரும் நிகழ்ச்சி, பொதுவான ஃபீட் இல்லாதது என்றால், அதை இந்த வழியில் கொண்டுவர முடியாது.

விண்டோஸில் இன்றைக்கும் எளிய வழி ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐட்யூன்ஸ்தான். பாட்காஸ்ட் வசதி அதில் 2005இலேயே வந்துவிட்டது, பழைய மென்பொருள்தான், ஆனாலும் அதன் ஸ்மார்ட் பிளேலிஸ்ட் (நாம் கொடுக்கும் விதிகளுக்குப் பொருந்துவதைத் தானே சேர்த்துக்கொள்ளும் பட்டியல்) போல வசதியானது குறைவு. புது ஸ்மார்ட் பிளேலிஸ்ட் ஒன்றைத் திறந்து மூன்று விதிகள் கொடுங்கள்: ஊடக வகை பாட்காஸ்ட், கேட்ட எண்ணிக்கை 0, சேர்த்த தேதி கடந்த 14 நாட்களுக்குள். கீழே 'லைவ் அப்டேட்டிங்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்கட்டும். டிக் இல்லாவிட்டால் பட்டியல் உருவான நாளில் என்ன இருந்ததோ அதிலேயே உறைந்து நின்றுவிடும்.

அதே பெட்டியில் 'லிமிட்' என்று ஒன்று உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லை. எனக்கு உயிர் கொடுத்தது அதுதான். பாட்டுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டுமல்ல, மணிக்கணக்கிலும் அளவு வைக்கலாம். 3 மணி நேரம், தேர்வு முறை 'முதலில் சேர்ந்தது முதலில்' என்று வைத்துப் பாருங்கள். இறங்கியது எவ்வளவு குவிந்திருந்தாலும் பட்டியல் 3 மணி நேரத்துக்கு மேல் போகாது. ஒன்றைக் கேட்டு முடித்தால் அது போய், வரிசையில் அடுத்தது உள்ளே வரும். இந்த அளவு வைப்பதற்கு முன் என் பட்டியலில் 140 எபிசோடுகள் நின்றன. ஒரு தினசரிச் செய்தி நிகழ்ச்சி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு மேலே உட்கார்ந்திருந்தது. பட்டியலைத் திறக்கவே மனம் வராது.

அப்புறம், நான் மாட்டிய இடம். ஐட்யூன்ஸ் ஒரு எபிசோடைக் 'கேட்டது' என்று எண்ண வேண்டுமானால் அது கடைசி வரை ஓடி முடிய வேண்டும். நானோ, நன்றி சொல்லி விளம்பரம் போடத் தொடங்கியதுமே அடுத்ததுக்குத் தாவுகிறவன். எண்ணிக்கை 0ஆகவே நின்றது. முழுசாகக் கேட்ட எபிசோடுகள் பட்டியலில் அப்படியே கிடந்தன, நான் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது தாவுவதற்கு முன் ஓட்டக் கம்பியைக் கடைசி ஓரத்துக்கு இழுத்து விட்டுவிடுகிறேன். அதையும் மறந்தால், 14 நாள் விதி எப்படியும் வெளியே தள்ளிவிடும். தேதி விதியை விடவே விடாதீர்கள் என்பது அதனால்தான்.

ஃபூபார்2000 என்ற பாட்டு பிளேயரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை. அதில் ஆட்டோபிளேலிஸ்ட் அருமையாக வேலை செய்யும்: ஒரு ஃபோல்டரைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, தேடலில் வரும் முடிவையே பட்டியலாக்கிவிடலாம். ஆனால் கேட்டதை எண்ணும் அதன் துணைக்கருவி ஒரு நிமிடம் ஓடினாலே 'கேட்டாச்சு' என்று குறித்துக்கொள்ளும். பாட்டுக்கு அது சரி. ஒரு மணி நேர உரையாடலுக்கு? அறிமுகம் முடிவதற்குள் எபிசோடு பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். ஆகவே அங்கே கேட்ட எண்ணிக்கையை மறந்துவிட்டு, 'கடந்த ஒரு வாரத்தில் சேர்ந்தவை' என்ற விதியை மட்டும் வையுங்கள்.

ஃபூபாருக்கு எபிசோடுகளை இறக்கித் தர ஜிபாடர் என்ற பாட்காஸ்ட் மென்பொருள் போதும். இலவசம், திறந்த மூலம், லினக்ஸிலும் ஓடும். அமைப்புகளில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஃபீட்களைப் பார்க்க வேண்டும் என்றும், புதியது கிடைத்தால் உடனே இறக்கு என்றும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி ஃபோல்டர் அதுவே போட்டுக்கொள்ளும். கேட்டு முடித்தவற்றை இத்தனை நாளில் அழி என்றும் சொல்லலாம். ஆனால் நீங்கள் விஎல்சி போன்ற வேறு பிளேயரையோ ஃபூபாரையோ தனியாகத் திறந்து அந்தக் கோப்பை ஓட்டினால், ஜிபாடருக்கு அது தெரியாது. கேட்காததையும் சேர்த்து அழிக்கச் சொல்லும் கட்டம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. வட்டு நிரம்பாமல் இருக்க நான் அதை டிக் செய்து வைத்திருக்கிறேன். அதனால் கேட்க நினைத்த ஒன்றிரண்டு போனதும் உண்டு. போகட்டும், பெரும்பாலும் ஃபீடில் இருக்கும், திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

எம்3யூ என்ற பிளேலிஸ்ட் கோப்பு போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது வரிக்கு ஒரு கோப்பின் பெயர் எழுதிய வெறும் உரைக்கோப்பு. தன்னால் மாறாது. தினமும் அதைத் திரும்ப எழுத ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் லினக்ஸின் கிரானிலோ விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிலோ போட்டுவிட்டால் மாறும். ஸ்கிரிப்ட் எழுதுவது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் செய்யுங்கள்.

மேக் வைத்திருந்தால் கதை வேறு. 2019இல் வந்த கேடலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்போடு ஐட்யூன்ஸ் உடைந்து தனித்தனிச் செயலிகளாகிவிட்டது. ஸ்மார்ட் பிளேலிஸ்ட் பாட்டுச் செயலியோடு போய்விட்டது. பாட்காஸ்ட்ஸ் செயலியில் அதற்குப் பதில் 'ஸ்டேஷன்' என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்த நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றிலும் கடைசியாக வந்த எத்தனை எபிசோடுகள், கேட்காதவை மட்டுமா என்று கேட்கும். அவ்வளவுதான், மணிக்கணக்கில் அளவு வைக்க முடியாது.

கடைசியாக நான் செய்த மாற்றம், ஒரே பட்டியலை இரண்டாகப் பிரித்தது. செய்தி நிகழ்ச்சிகளுக்கு ஒன்று: 2 நாள் தேதி விதி, புதியது மேலே. நேற்றைய செய்தி நாளைக்கு யாருக்கு வேண்டும்? தொடராக வரும் கதை, வரலாறு போன்றவற்றுக்கு இன்னொன்று: பழையது மேலே, தேதி விதி 60 நாள். இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தபோது தொடரின் ஐந்தாம் பகுதியை மூன்றாவதுக்கு முன் கேட்டுவிட்டு, யார் செத்தார்கள் என்று தெரிந்த பிறகு மூன்றாவதைக் கேட்டேன்.