24 தவணை கட்டியும் பாக்கி 3.35 லட்சமா?

வணக்கம். 5 லட்சம் கடன், 12% வட்டி, 60 மாதம், தவணை 11,122 என்றால் வங்கி சொல்லும் பாக்கி சரிதான். நீங்கள் கட்டிய 2.67 லட்சத்தை அப்படியே அசலில் கழிக்கக் கூடாது.

முதல் மாத வட்டியே 5,000 ரூபாய். அசலில் குறைந்தது வெறும் 6,122. அடுத்த மாதம் 4,93,878-க்கு வட்டி 4,939. இப்படியே போட்டால் இரண்டு வருடத்தில் வட்டிக்கு மட்டும் ஏறக்குறைய 1.02 லட்சம் போயிருக்கும். மனசு கனக்கத்தான் செய்யும்.

பாக்கியைக் கணக்கிடக் குறுக்குவழி: ஆண்டுக்கு 12% என்றால் மாதத்துக்கு 1%, அதாவது 0.01. எனவே மீதமுள்ள 36 மாதத்துக்காக 36 தடவை 1.01-ஐ எழுதி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 1.4308. ஒன்றை அதனால் வகுத்து, விடையை ஒன்றிலிருந்து கழித்து, 0.01-ஆல் வகுங்கள்: 30.11. அதைத் தவணையால் பெருக்கினால் சுமார் 3.35 லட்சம்.

அப்புறம், முன்கூட்டியே அடைப்பதானால் அதற்கான கட்டணம், ஜிஎஸ்டி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.