பதுக்கிய இரை எப்போது கெடும் என்பது பறவைக்குத் தெரியுமா?

தெரியும். 1998-இல் நிக்கோலா கிளேட்டனும் ஆன்டனி டிக்கின்சனும் வெளியிட்ட ஆய்வே இதற்கு நல்ல சான்று. அவர்கள் எடுத்துக்கொண்டது ஸ்க்ரப் ஜே. மேற்கு அமெரிக்காவில் வாழும், காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த நீலப் பறவை.

ஐஸ் கட்டி உறையவைக்கும் தட்டுகளில் மணல் நிரப்பி, வேர்க்கடலையையும் மெழுகுப் புழுவையும் (ஒருவகை அந்துப்பூச்சியின் புழு) வெவ்வேறு இடங்களில் பறவைகளைப் புதைக்க விட்டார்கள். புழு என்றால் இதற்கு உயிர். ஆனால் அது சில நாளில் அழுகிவிடும், கடலை கெடாது. இதை முன்பே அனுபவித்து அறிந்த பறவைகள், புதைத்து 4 மணி நேரத்தில் விட்டால் நேரே புழு இருந்த இடத்தைக் கிளறின. 124 மணி நேரம் கழித்து விட்டால் கடலைப் பக்கம் போயின. மோப்பமோ என்று கேட்கலாம். சோதனைக்கு முன் தீனியை அகற்றிப் புது மணலை நிரப்பிவிட்டார்கள்! எப்போதும் புதுப் புழுவே கிடைத்துவந்த பறவைகளோ 124 மணி நேரத்துக்குப் பிறகும் புழுவையே தேடின.

ஆக எதை, எங்கே, எப்போது என்ற மூன்றும் ஒரே நினைவில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் ஆய்வாளர்கள் ‘நிகழ்வு நினைவு போன்றது’ என்றுதான் எழுதினார்கள். நிகழ்வு நினைவில் நாம் கடந்ததை மனத்துக்குள் மீண்டும் வாழ்ந்து பார்க்கிறோம். பறவையும் அப்படிச் செய்கிறதா என்பதை அதன் நடத்தையை வைத்து நிரூபிக்க முடியாது. அந்தத் தயக்கம் நியாயமானதே.