அக்குவா பற்றரி: ஒரு செல்லை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: என்னுடையது 2014 ரொயோட்டா அக்குவா, ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. சிவப்பு முக்கோண விளக்கு எரிகிறது. பழுதான செல்லை மட்டும் மாற்றித் தருவதாகக் கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், வவுனியா

பதில்: வேண்டாம். அதைவிட முதலில், பழுது மின்மோட்டாரை ஓட்டும் பெரிய ஹைபிரிட் பற்றரியில்தானா என்று பாருங்கள். சாதாரண 12 வோல்ற் பற்றரி சோர்ந்தாலும் டாஷ்போர்டில் கண்டபடி விளக்குகள் எரியும். அதன் விலை எங்கே, இதன் விலை எங்கே! வாகனக் கணினியை ஸ்கேன் செய்து, வந்த பழுதுக் கோட் எண்ணைக் கையில் வாங்குங்கள். பி0ஏ80 (P0A80) போன்ற கோட் என்றால்தான் பெரிய பற்றரியின் பேச்சு.

பின் சீட்டுக்கு அடியிலுள்ள பற்றரிப் பெட்டியில் 20 நிக்கல் மொடியூல்கள் (கராஜில் ‘செல்’ என்பது இவற்றைத்தான்) தொடராக நிற்கின்றன, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 144. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் சார்ஜ் ஏறும். கணினி அதை முழுதாக நிரம்பவும் விடாது, வற்றவும் விடாது. பொதுவாக எட்டுப் பத்து வருடம் தாங்குவது அதனால்தான். எமனாக வருவது சூடு. எல்லாவற்றிலும் ஒரே கரண்ட் ஓடுவதால் பலவீனமான மொடியூல் முதலில் வற்றி, சூடாகி, வீங்குகிறது. அதைமட்டும் மாற்றினால் அதே வயதுள்ள மற்ற 19இல் இன்னொன்று சில மாதத்தில் விழும். திரும்பவும் கூலி. ஆகவே மாற்றுவதென்றால் முழுப் பெட்டியையும்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மொடியூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் பச்சை பூத்தாலும் அளவீடு பிழைத்து இதே கோட் வரலாம். பெட்டியைத் திறந்ததும் தகட்டை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். பச்சை படிந்திருந்தால் சுத்தம் செய்து, நட்டுகளைச் சரியான இறுக்கத்துக்குப் பூட்டி, மறுபடி அளக்கவேண்டும். வாகனம் ஓடும்போதும் மொடியூல்களுக்கிடையிலான வோல்ற் வித்தியாசம் மறைந்துவிட்டால் பற்றரி தப்பியது, மறையாவிட்டால் செல்தான். இந்த வேலையைச் செய்யாமலே பெட்டியை மாற்றச் சொல்பவர்கள்தான் அதிகம். நீங்களாகத் திறக்கவேண்டாம், 144 வோல்ற் உயிரை எடுக்கும்.

‘ரீகண்டிஷன்’ (புதுப்பித்த பற்றரி) என்று தரகர் தருவது பெரும்பாலும் பல பழைய பெட்டிகளில் பொறுக்கிய செல்கள். வோல்ற் காட்டி ஏமாற்றுவார்கள். செத்த செல்லும் சும்மா இருக்கையில் 7.5 காட்டும். லோட் கொடுத்து, அதாவது மின்சாரத்தை இழுத்துப் பார்த்து, அளந்த கொள்ளளவைக் கேளுங்கள். இறக்குமதி பல வருடம் மூடிக் கிடந்ததில் இந்தப் பழைய வாகனங்கள்தான் கை மாறின. உரிமை மாற்றத்துக்கு ஆயிரம் பத்திரம் கேட்கிறார்கள், பற்றரியின் நிலை பற்றி ஒரு வரி கேட்பதில்லை!

புதிதைப் போட்டால் பின் சீட்டோரக் காற்றுத் துவாரத்தைப் பையோ துணியோ வைத்து மூடாதீர்கள். ஆறு மாதத்துக்கொருமுறை தூசி எடுங்கள். நெரிசலில் ‘என்’ (நியூற்றல்) கியரில் போட்டுக் காத்திருந்தால் சார்ஜ் ஏறாது, ‘டி’யிலேயே பிரேக்கில் நில்லுங்கள்.

கழற்றிய பெட்டியைக் கராஜில் சும்மா விட்டு வராதீர்கள். அதில் மிச்சமுள்ள நல்ல செல்கள்தான் அடுத்தவருக்கு ‘ரீகண்டிஷன்’ ஆகும். அதன் பெறுமதியைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.