குளிர்நீரில் டிரைசூட் அணிந்து முக்குளிக்க எந்த உலர் கையுறை ஏற்றது?

சிங்கப்பூரில் வசிக்கும் நீங்கள், ஜப்பானில் ஹொக்கைடோவின் ஷிரெத்தோகோ கடலில் பனிக்கட்டிகளுக்கு அடியிலும், அதன்பின் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவிலும் முக்குளிக்கத் திட்டமிட்டிருப்பதாகவும், டிரைசூட் (நீர் புகாத முக்குளிப்பு உடை) வாங்கிவிட்ட நிலையில், கை நனையாமல் காக்கும் உலர் கையுறைகளில் எது அதிக வெப்பம் தரும் என்று அறிய விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். வெப்பத்தைப் பற்றிய கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கையுறைக்குள் காற்று எந்த வழியாகப் போய்வரும், கையுறை கிழிந்தால் உள்ளே வரும் நீர் எந்த இடத்தில் தடுக்கப்படும் என்ற இரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்த பிறகே எதையும் வாங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

உலர் கையுறை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. நீர் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் ஈரக் கையுறையே (உள்ளே நீர் புகும் வகை) பெரும்பாலானோருக்குப் போதும். சில்ஃப்ராவில் நீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி வரைதான் என்றாலும், அங்கே முக்குளிப்பு நேரம் குறைவு என்பதால் தடித்த ஈரக் கையுறையோடு சமாளிப்பவர்கள் உண்டு. ஷிரெத்தோகோவின் நிலைமை வேறு. பனி மிதக்கும் காலத்தில் அந்தக் கடல்நீர் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கும். பனிக்கு அடியில் கயிற்றை இழுத்துச் சைகை தரவும், டிரைசூட்டின் வால்வை அழுத்தவும் விரல்கள் கடைசி நிமிடம் வரை இயங்க வேண்டும். விரல் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே நுணுக்கமான வேலைகள் தடுமாறத் தொடங்கும். ஆகவே அந்தப் பயணத்துக்கு உலர் கையுறை வாங்குவது சரியான முடிவுதான்.

உலர் கையுறையின் வெளி உறை பெரும்பாலும் பிவிசி அல்லது லேட்டக்ஸ் ரப்பரால் ஆனது. அது நீரைத் தடுக்குமே தவிர, குளிரைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. கையைக் காப்பது உள்ளே அணியும் கம்பளி உறையும், அதன் இழைகளுக்கிடையே தங்கும் காற்றும்தான். 10 மீட்டர் ஆழத்தில் அந்தக் காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கிவிடும். புதிய காற்று உள்ளே வர வழியில்லை என்றால், வெற்றிடப் பொதியில் அடைத்த மீன்மீது ஒட்டிய பிளாஸ்டிக் போலக் கையுறை விரல்களை இறுக்கும், கம்பளி நசுங்கும், மிக விலை உயர்ந்த கையுறைக்குள்ளும் கை விறைக்கும். எனவே டிரைசூட்டின் கைப்பகுதியில் உள்ள காற்று, மணிக்கட்டு சீலைத் (மணிக்கட்டை இறுகப் பற்றி நீரைத் தடுக்கும் விளிம்பு) தாண்டிக் கையுறைக்குள் செல்ல ஒரு பாதை வேண்டும். மெல்லிய சிலிக்கோன் குழாய்த் துண்டு ஒன்றையோ சிறிய கயிற்றையோ, பாதி கையுறைப் பக்கமும் பாதி முழங்கைப் பக்கமும் இருக்குமாறு, மணிக்கட்டின் புறப்பக்கத்தில் சீலுக்கு அடியில் செருகிக்கொள்வது நெடுங்காலமாக இருந்துவரும் எளிய முறை. கீழே இறங்கும்போது கை இறுகுவதாக உணர்ந்தால், டிரைசூட்டில் சற்றுக் காற்றைச் சேர்த்துக் கையைத் தோளுக்கு மேலே உயர்த்துங்கள். காற்று தானாக ஏறி வந்து விரல்களை விடுவிப்பதை உணர்வீர்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மணிக்கட்டு சீலை அடியோடு நீக்கிவிட்டு, கையுறையை நேரடியாக உடையோடு இணைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். காற்று தாராளமாகப் போய்வரும் என்பது உண்மை. ஆனால் கையுறையில் சிறு கிழிசல் விழுந்தாலும் நீர் கைவழியாக உடைக்குள் ஏறி, குளிர் தாங்க உள்ளே அணியும் தடித்த உள்ளாடையையும் நனைத்துவிடும். சீலும் அதற்கடியில் ஒரு மெல்லிய குழாயும் இருந்தால், நீர் கசிந்தாலும் மெதுவாகவே கசியும். மேலே திரும்பி வர அவகாசம் கிடைக்கும். தலைக்கு மேலே பனி மூடியிருக்கும் இடத்தில் சீல் இல்லாமல் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கையுறையை உடையின் கைப்பகுதியோடு பூட்டும் வளைய அமைப்பைப் பொறுத்தவரை, சை டெக், கூபி, ரோலாக் ஆகியவை பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. எது சிறந்தது என்று விவாதிப்பதைவிட, உங்கள் டிரைசூட்டின் மணிக்கட்டுப் பகுதியில் எது பொருந்தும் என்று அந்த உடையைத் தயாரித்தவர்களிடமே கேட்டுவிடுங்கள். உங்கள் உள்ளங்கையின் அகலமான பகுதி வளையத்துக்குள் சிரமமின்றி நுழைகிறதா என்பதையும், ஒரு கையில் கையுறை ஏறிய பிறகு மற்றொரு கையின் வளையத்தை யாருடைய உதவியுமின்றிப் பூட்ட முடிகிறதா என்பதையும் கடையிலேயே சோதியுங்கள். வளையத்தில் சாதாரண பிவிசி கையுறைகளைப் பொருத்த முடியும் என்றால் அது பெரிய வசதி. உறை கிழிந்தால் ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் தொழிற்சாலைக் கையுறை ஒன்றை, நீளமும் மணிக்கட்டு அகலமும் பார்த்து வாங்கி மாற்றிக்கொள்ளலாம். எப்போதாவது ஒரு முறைதான் குளிர்நீருக்குப் போவீர்கள் என்றால், வளையமே இல்லாமல் சீலின் மேல் இழுத்துவிடும் வகையும் போதும், விலையும் குறைவு.

அளவு பார்க்கும்போது உள்ளுறையையும் அணிந்துகொண்டே பாருங்கள். இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், அரை அளவு பெரிதாக இருப்பதே மேல். உள்ளுறை மெரினோ கம்பளியாகவோ ஃபிளீஸாகவோ இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் அது வேண்டாம். பயணத்துக்கு இரண்டு ஜோடிகளாவது எடுத்துச் செல்லுங்கள்.

நம் ஊரில் குளிர்நீரே இல்லையே, எப்படிச் சோதிப்பது என்ற ஐயம் எழலாம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளியலறையில் ஒரு வாளி நீரில் பனிக்கட்டிகளைக் கொட்டி, கையுறையும் உள்ளுறையும் அணிந்த கைகளை மணிக்கட்டு வளையத்துக்குக் கீழே வரை அமிழ்த்தி, அதே நீருக்குள் போல்ட் ஸ்னாப்பை (கருவிகளை மாட்டும் கொக்கி) திறந்து மூடுங்கள். வெட்டுக் கத்தரியை உறையிலிருந்து எடுத்துத் திரும்ப வையுங்கள். அரை மணி நேரத்தில் எந்த விரல் முதலில் சோர்கிறது என்பது தெரிந்துவிடும். காற்றுப் பாதையை நீச்சல் குளத்தின் ஆழமான பகுதியில் சோதிக்கலாம், ஆனால் வெப்பத்தைப் பற்றி அந்தக் குளம் எதுவும் சொல்லாது. மணிக்கட்டில் கட்டும் முக்குளிப்புக் கணினியின் பட்டை வளையத்துக்கு மேலே சுற்றி வருமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்; பலருக்கு நீண்ட மீள்பட்டை தேவைப்படுகிறது.

உடல் குளிர்ந்தால் இரத்தம் கைகளை விட்டு நடுவுடலுக்குத் திரும்பிவிடும் என்பதால், கையுறைக்குச் செலவிடுவதற்கு முன் டிரைசூட்டுக்குள் அணியும் உள்ளாடை போதிய தடிமனில் உள்ளதா என்று பாருங்கள். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் இயல்பு உங்களுக்கு இருந்தால், முக்குளிப்பு மருத்துவம் அறிந்த மருத்துவரைச் சந்தித்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

ஒவ்வொரு முறையும் பூட்டும் முன் வளையத்தில் நீரைத் தடுக்கும் ரப்பர் ஓ-ரிங்கை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். கம்பளியின் ஒற்றை இழை சிக்கியிருந்தாலும் நீர் கசியும். வீடு திரும்பியதும் நன்னீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி முழுவதும் காயவைத்து, லேட்டக்ஸ் பகுதிகளில் வாசனை சேர்க்காத டால்க் தூவி, ஒளி படாத மூடிய பையில் வையுங்கள். நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் பட்டால் லேட்டக்ஸ் விரைவில் பிசுபிசுத்துவிடும். பால்கனியில் தொங்கவிடவே கூடாது.